பூச்செடிக்குப் பிறப்புப் பத்திரம் உண்டா?

மாணவர்களே, அலோர் காஜா, ஜாசின், மாச்சாப் என்று மலாக்காவின் எந்தப் பக்கம் போனாலும் வீட்டு வாசலில் தொட்டியில் வைத்த ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். அன்னாசியைப் போல வட்டமாக அடுக்கிய இலைகள். நடுவில் ஒரு குழி. அதில் தேங்கிய மழைநீர். பூக்கும் காலம் நெருங்கினால் நடு இலைகள் குங்குமச் சிவப்பாக மாறிவிடும். அதன் பெயர் என்ன என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "அலங்கார அன்னாசி" என்பார். நர்சரியில் கேட்டால், "புரோமிலியாட்" என்பார்கள். விடாமல், "எந்தப் புரோமிலியாட்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும், மூன்று கடைகளில் மூன்று பெயர்கள் கிடைக்கலாம்.

பூ அழகாக இருந்தால் போதாதா, பெயர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். பூச்செடியைச் சற்று ஒதுக்கிவிட்டு, முதலில் ரப்பர் மரத்தைப் பார்ப்போம். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் "அறுநூறு" என்று சொல்லிப் பாருங்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரப்பர் வகை அவர்களுக்கு நினைவுக்கு வரும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய வகை அது. அதன் பெற்றோர் யார் என்பது ஏட்டில் இருக்கிறது: ஜாவாவிலிருந்து வந்த 'ஜிர் 1' ஒன்று; சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்தெடுத்த 'பி.பி. 86' மற்றொன்று. (பிராங் பெசார் தோட்டம் இருந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.)

ஒரு சிறுதோட்டக்காரர் "அறுநூறு" என்று நம்பி ஒட்டுக்கன்று வாங்கி நடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்றாக இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பால் வெட்ட ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான், வந்தது வேறு வகை என்று தெரிகிறது. மரத்தை வெட்டிவிட்டு மறுபடி நட்டால் இன்னும் ஆறு ஆண்டு வருமானம் இல்லை. வெட்டாமல் விட்டால் இருபது ஆண்டுக்கு மேல் குறைந்த பால். கன்றில் தொங்கிய ஒரு பெயரட்டை தவறாக இருந்ததற்கு ஒரு குடும்பம் தரும் விலை இது. அதனால்தான் ரப்பர் நாற்றங்கால்களில் இலையடுக்கின் வடிவம், இலைப் பரப்பின் பளபளப்பு, இலைக்காம்பின் கோணம் ஆகியவற்றைப் பார்த்து வகையை உறுதிசெய்யப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அலங்காரச் செடிகளுக்கு அப்படிப்பட்ட பரிசோதகர் யாரும் இல்லை. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விதையும் கன்றும் ஒன்றல்ல

பெயர்க் குழப்பத்தைப் புரிந்துகொள்ள ஒரு பாடம் தேவை. ஐந்தாம் படிவ உயிரியலில் மெண்டலைப் படித்தவர்களுக்கு இது எளிது. மற்றவர்களுக்குச் செம்பனை உதவும்.

செம்பனையில் கொட்டையின் ஓடு தடித்த வகை 'டுரா'. ஓடு இல்லாத வகை 'பிசிஃபெரா'. அதில் பெரும்பாலும் பழக்குலை சரியாகப் பிடிக்காது. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடும் நிறைய சதையும் உள்ள 'டெனெரா' கிடைக்கிறது. இன்று தோட்டங்களில் நிற்பது இதுதான். டெனெரா மரத்தடியில் விழுந்த பழத்தைப் பொறுக்கி முளைக்க வைத்தால் டெனெரா கிடைக்குமா? சுற்றியுள்ள மரங்களும் டெனெராவாக இருந்தால், நூறு கன்றில் ஏறத்தாழ 25 டுரா, 50 டெனெரா, 25 பிசிஃபெரா. பாதிதான் தேறும். கலப்பினத்தின் பண்புகள் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடுகின்றன.

புரோமிலியாட் கலப்பினத்திலும் இதே கதைதான். ஆனால் அங்கே ஓடு என்ற ஒரு பண்பு மட்டும் இல்லை. இலையின் நிறம், கோடு, புள்ளி, முள், உயரம் என்று பல பண்புகள் ஒரே நேரத்தில் பிரியும். ஒரே காயிலிருந்து எடுத்த ஐம்பது விதைகள் ஐம்பது விதமான செடிகளாக வரலாம்.

பக்கக்கன்று வேறு. தாய்ச்செடி பூத்து ஓயும்போது அடியிலிருந்து கிளம்பும் கன்று, தாயின் நகல். அன்னாசியின் பக்கக்கன்றைப் பிடுங்கி நடுகிறோம் அல்லவா, அதைப் போல. அன்னாசியும் புரோமிலியாட் குடும்பம்தான். ஏறத்தாழ 3,700 இனங்கள் கொண்ட இந்தக் குடும்பத்தில், மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் ஒன்றே ஒன்றைத் தவிர அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. நம் வாசலில் இருப்பவை எல்லாம் வந்தேறிகள்.

இப்போது ஒரு நர்சரிக்காரர் நல்ல கலப்பினச் செடி ஒன்றிலிருந்து விதை எடுத்து, கன்றுகளுக்கெல்லாம் தாயின் பெயரையே எழுதி விற்கிறார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் ஒரே பெயரில் ஐம்பது வேறுபட்ட செடிகள் ஊருக்குள் போய்விட்டன. பக்கத்து ஊர்க்காரர் அதில் ஒன்றை வாங்கி, பெயரட்டை தொலைந்துபோனதால் தானாக ஒரு பெயர் வைக்கிறார். இப்போது ஒரே செடிக்கு இரண்டு பெயர்கள்.

யார் பெயர் வைக்கலாம்?

காட்டில் இயற்கையாக வளரும் இனங்களுக்கு லத்தீன் பெயர் வைக்க ஒரு சட்டநூல் இருப்பதை அறிவீர்கள். மனிதர் வளர்த்துத் தேர்ந்தெடுத்த வகைகளுக்குத் தனியாக ஒரு சட்டநூல் 1953-இல் வெளிவந்தது. வளர்ப்புத் தாவரங்களின் பெயர்களுக்கான அனைத்துலக விதித்தொகுப்பு என்று அதைச் சொல்லலாம். அதன்படி ஒரு வளர்ப்பு வகையின் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். 1959 தொடக்கத்திலிருந்து புதிய வகைகளுக்கு லத்தீனில் பெயர் சூட்டக் கூடாது. இன்று மக்கள் பேசும் ஒரு மொழியில் சூட்ட வேண்டும். தமிழிலும் சூட்டலாம் என்பதைக் கவனியுங்கள். ஏற்கெனவே உள்ள பெயரை அதே செடிக் குழுவில் இன்னொரு வகைக்கு வைக்க முடியாது. தரத்தை மிகைப்படுத்திப் புகழும் பெயரும் ஆகாது.

பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற, ஒவ்வொரு செடிக் குழுவுக்கும் ஓர் அமைப்பை உலகத்துக்கே பொறுப்பாக நியமித்திருக்கிறார்கள். ஆர்க்கிட் கலப்பினங்களுக்கு 1961 முதல் இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி. நம் தேசிய மலரான செம்பருத்திக்கு ஆஸ்திரேலிய ஹைபிஸ்கஸ் சங்கம். காகிதப்பூவுக்குப் புதுடில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம். புரோமிலியாட்டுக்கு, 1950-இல் அமெரிக்காவில் தொடங்கிய புரோமிலியாட் சொசைட்டி. நீங்களே வீட்டில் ஒரு புதிய கலப்பினத்தை உருவாக்கினால், இந்த அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். தாய், தந்தை, உருவாக்கியவர், செடியின் விவரம், படம் ஆகியவற்றைத் தர வேண்டும். விதை கொடுத்த தாயை முதலிலும், மகரந்தம் கொடுத்த தந்தையை அடுத்தும், நடுவில் பெருக்கல் குறியிட்டும் எழுதுவது வழக்கம்.

பிறப்புப் பத்திரம் என்று தலைப்பில் சொன்னேன். ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். பதிவாளர் உங்கள் செடியை நேரில் பார்ப்பதில்லை. மரபணுச் சோதனை செய்வதும் இல்லை. தந்தை இன்னார் என்று நீங்கள் எழுதினால் அதுவே பதிவாகும். அந்தப் பெயர் புதியதா, விதிக்கு உட்பட்டதா என்பதை மட்டுமே அவர் பார்ப்பார். செடி நல்லதா என்றும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதைவிட முக்கியம்: இந்தப் பதிவு உங்களுக்கு எந்தச் சட்ட உரிமையும் தராது. மற்றவர் பெருக்கி விற்பதைத் தடுக்க வேண்டுமானால் அது வேறு துறை. மலேசியாவில் அதற்கென 2004-ஆம் ஆண்டின் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் பெரியவர்களிலும் நிறைய.

மூன்றாவதாக வணிகப் பெயர் ஒன்றும் குறுக்கே வரும். 'பீஸ்' என்ற பெயரில் உலகமெங்கும் விற்ற மஞ்சள் ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் அது 'மதாம் ஏ. மெய்யான்', ஜெர்மனியில் 'குளோரியா டெய்', இத்தாலியில் 'ஜோயா'. செடி ஒன்றுதான். பல அடுக்கு இதழ்களுடன் கொத்துக் கொத்தாகப் பூக்கும் காகிதப்பூ 'மஹாரா'வும் 'மணிலா ரெட்' என்றும் 'மில்லியன் டாலர்' என்றும் விற்பனையாகியிருக்கிறது. நம் டுரியானில் மட்டும் என்ன? முசாங் கிங், ராஜா கூனிட், மாவ் ஷான் வாங் எல்லாம் ஒரே பழம்தான். விவசாயத் துறையின் பதிவேட்டில் அதற்கு 1993-இல் கொடுத்த எண் டி197. எண் சுவையாக இல்லைதான். ஆனால் எண்ணைச் சொன்னால் சண்டை வராது.

ஆர்க்கிட்டின் வழி, புரோமிலியாட்டின் வழி

பலரும் தடுமாறும் இடம் இது. இரண்டு குறிப்பிட்ட பெற்றோரைக் கலந்தால் கிடைக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆர்க்கிட்டில் ஒரே பொதுப் பெயர். அதற்கு 'கிரெக்ஸ்' என்று பெயர். லத்தீனில் மந்தை என்று பொருள். பத்து ஆண்டு கழித்து வேறு நாட்டில் வேறொருவர் அதே இரண்டு இனங்களைக் கலந்தாலும் அந்தப் பழைய பெயரைத்தான் வைக்க வேண்டும். அந்த மந்தையில் ஒரு தனிச்செடி சிறப்பாக இருந்தால், கிரெக்ஸ் பெயருக்குப் பின்னால் மேற்கோள் குறிக்குள் இன்னொரு பெயர் சேரும்.

இந்தக் கிரெக்ஸ் முறையை விதித்தொகுப்பு ஆர்க்கிட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. புரோமிலியாட்டில் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு தனிச்செடிக்கும் தனிப்பெயர். அதன் பக்கக்கன்றுகள் மட்டுமே அந்தப் பெயரைச் சுமக்கலாம். ஆனால் ஆர்க்கிட் வளர்த்துப் பழகியவர்கள் புரோமிலியாட்டுக்கு வந்தபோது பழைய பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். ஒரு கலப்பின் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயரை எழுதி விற்றார்கள். அந்தச் செடிகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆர்க்கிட் என்றதும் மலாக்காவோடு தொடர்புள்ள ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே நீரிணைக் குடியேற்றமாக இருந்த காலம். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு ஹென்றி ரிட்லி என்பவர் இயக்குநர். ரப்பர் நடுங்கள் என்று எல்லாரையும் நச்சரித்த மனிதர் அவர். அவர் பேச்சைக் கேட்டு, 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டவர் டான் சாய் யான். பிறகு புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்ததற்கு இந்த ரப்பரும் ஒரு காரணம்.

அதே ரிட்லியிடம், அதற்கு மூன்று ஆண்டு முன்பு, ஒரு பெண் ஒரு பூவைக் கொண்டுவந்தார். ஆக்னஸ் ஜோவாக்கிம், சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியர். இரண்டு வாண்டா இனங்களைக் கலந்து தாம் உருவாக்கிய செடி என்றார். ரிட்லி அதை ஆராய்ந்து, 1893-இல் இலண்டனின் 'கார்டனர்ஸ் குரோனிக்கிள்' இதழில் 'வாண்டா மிஸ் ஜோவாக்கிம்' என்று பெயரிட்டு, அவர் செய்த கலப்பு என்றும் எழுதினார். ஆக்னஸ் 1899-இல் இறந்துவிட்டார். 1981-இல் அந்தப் பூ சிங்கப்பூரின் தேசிய மலரானது.

பிற்காலத்தில் ஒரு சந்தேகம் கிளம்பியது. அவர் கலக்கவில்லை, அவருடைய தோட்டத்தில் வண்டோ தேனீயோ தற்செயலாகக் கலந்ததை அவர் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்று சிலர் எழுதினார்கள். அந்தக் கதை பல ஆண்டு ஓடியது. அவர் எந்த நாளில், எந்தப் பூவில், எந்த மகரந்தத்தைத் தடவினார் என்ற ஏடு அவர் கைப்பட நமக்குக் கிடைத்திருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. நல்லவேளை, ரிட்லியின் அச்சிட்ட குறிப்பு இருந்தது. 2016-இல்தான் சிங்கப்பூர் அரசு அமைப்புகள் அவரே உருவாக்கியவர் என்று ஏற்றுக்கொண்டன. அவர் இறந்து 117 ஆண்டுகள் கழித்து! என் கருத்தைக் கேட்டால், செய்தவர் ஒரு ஆணாக இருந்திருந்தால் இந்தச் சந்தேகம் இவ்வளவு காலம் நீடித்திருக்காது.

இதற்கிடையில் பூவின் பெயரும் மாறிவிட்டது. பெற்றோர் இருவரையும் தாவரவியலாளர்கள் வாண்டாவிலிருந்து பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். ஆகவே இன்று அது 'பாப்பிலியோனாந்தே மிஸ் ஜோவாக்கிம்'. சிங்கப்பூரின் தேசிய மலர் அந்தக் கிரெக்ஸில் 'ஆக்னஸ்' என்ற தனிவகை. முன்பெயர் போனாலும் 'மிஸ் ஜோவாக்கிம்' போகவில்லை என்பதைப் பாருங்கள்.

புரோமிலியாட்டிலும் இப்படிப் பேரினங்கள் மாறுகின்றன. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2016-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. தீவாள் போன்ற சிவந்த பூத்தண்டு உள்ள 'விரீசியா ஸ்பிளென்டென்ஸ்', 'லூதேரியா' ஆனது. இளஞ்சிவப்பு இறகு போன்ற 'டில்லாண்ட்சியா சயானியா', 'வாலிசியா' ஆனது. பெற்றோரின் பேரினம் மாறினால் பிள்ளையின் பெயரும் மாற வேண்டியதாகிறது. நேற்றுவரை ஒரே பேரினத்துக்குள் நடந்த கலப்பு, இன்று இரண்டு பேரினங்களின் கலப்பு ஆகிவிடலாம். அப்படிப்பட்ட கலப்புக்கு இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்துப் புதுப்பெயர் கட்டுவார்கள். நியோரெகேலியாவும் ஆர்த்தோஃபைட்டமும் சேர்ந்தது '×நியோஃபைட்டம்'. நம் ஊர் அன்னாசி 'ஜோசபைன்' நினைவுக்கு வருகிறதா? ஜொகூரும் சரவாக்கும் பைனாப்பிளும் சேர்ந்த பெயர். மார்டி 1996-இல் வெளியிட்ட அந்தக் கலப்பினத்தின் பெற்றோர் 'ஜொகூர்', 'சரவாக்' என்ற இரண்டு வகைகள். பெயரைக் கேட்டாலே வம்சம் தெரியும். ஆனால் அந்தச் 'சரவாக்' சரவாக்கில் பிறந்ததில்லை; தென்னமெரிக்காவின் கயேன் நகரின் பெயரால் உலகம் 'ஸ்மூத் கயேன்' என்று அழைக்கும் வகைதான் அது.

படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?

கைப்பேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்கலாமே என்பீர்கள். வாசலில் சிவக்கும் செடி என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது பெரும்பாலும் நியோரெகேலியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதே செடியின் இரண்டு பக்கக்கன்றுகளில் ஒன்றை வெயிலிலும் ஒன்றை மாமரத்தடி நிழலிலும் வையுங்கள். சில மாதங்களில் ஒன்று கச்சிதமாகச் சிவந்து நிற்கும். மற்றது பச்சையாக, நீண்ட இலைகளோடு தளர்ந்திருக்கும். மரபணு ஒன்றே, தோற்றம் இரண்டு. உரம் அதிகமானாலும் நிறம் மங்கும். வெள்ளைக்கோடு உள்ள வகைகளில் சில கன்றுகள் கோடே இல்லாமல் பிறக்கும். மறுபுறம், வேறு வேறு பெற்றோருக்குப் பிறந்த இரண்டு செடிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கவும் கூடும். ஆகவே பெயர் தொலைந்த செடியைப் படத்தைக் கொண்டு மறுபடி பெயரிட அனுபவசாலிகள் தயங்குவார்கள்.

நியோரெகேலியாவில் 'ஃபயர்பால்' என்று ஒரு சிறிய சிவப்புச் செடி. பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. அது காட்டு இனமா, கலப்பினமா, பெற்றோர் யார் என்ற விவரம் எதுவும் கூடவே வரவில்லை. அழகாகவும் சிறியதாகவும் இருந்ததால் கலப்பு செய்பவர்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினார்கள். இன்று எத்தனையோ கலப்பினங்களின் வம்சாவளியில் 'ஃபயர்பால்' பெயர் இருக்கிறது. அதற்கு மேலே ஏட்டில் வெற்றிடம். ஒரு பெயரட்டையில் எழுதாமல் விட்டது பல தலைமுறைக்குத் தொடர்கிறது.

செய்து பாருங்கள்

பள்ளி அறிவியல் கழகத்தில் இதை முயலலாம். நியோரெகேலியாவின் சிறு பூக்கள் நடுக்குழியின் நீர்மட்டத்தை ஒட்டிக் காலையில் விரியும். தாயாகத் தேர்ந்த பூவில், அது தானாக விரிவதற்கு முன்பே மெல்லிய இடுக்கியால் மகரந்தப்பைகளை அகற்றிவிடுங்கள். வேறொரு செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் சூலகமுடியில் தடவுங்கள். உடனே, அந்த இடத்திலேயே, பெயரட்டை எழுதுங்கள். நாளை எழுதலாம் என்று விடாதீர்கள்.

அட்டையில் தாயின் பெயர், பெருக்கல் குறி, தந்தையின் பெயர், தேதி, செய்தவர் பெயர் இருக்கட்டும். பேனா மை நம் ஊர் வெயிலிலும் மழையிலும் சில மாதங்களில் மறைந்துவிடும். பென்சிலால் எழுதியது அதைவிட நெடுநாள் நிற்கும். பால் டின்னிலிருந்து வெட்டிய தகடில் ஆணியால் கீறினால் இன்னும் நல்லது. ஓரங்களைத் தேய்த்துவிடுங்கள், கை கிழியும். அதே விவரத்தை ஒரு நோட்டிலும் எழுதி, செடிக்கு ஓர் எண் கொடுங்கள். அட்டையைக் கோழி கிளறிப் போட்டாலும் நோட்டு இருக்கும். இன்னொன்று: குழியில் உள்ள நீரை வாரம் ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

விதை முளைத்துக் கன்றுகள் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் வளர்த்து, தனித்தன்மை உள்ள ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்த பிறகு பெயரை யோசியுங்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று புரோமிலியாட் பதிவேட்டில் தேடிப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

பள்ளித் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும், பெயர் தெரியாத செடிகளை என்ன செய்வது? அவற்றின் அட்டையில் "பெயர் தெரியாது" என்றே எழுதுங்கள். கூடவே யார் கொடுத்தார், எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டு என்பதையும் குறித்து வையுங்கள். ஊகித்து ஒரு பெயரை எழுதிவிட்டால், அடுத்து வருபவர் அதை உண்மை என்று நம்பி, பக்கக்கன்றோடு அந்தப் பெயரையும் வீட்டுக்கு எடுத்துப் போவார்.